ஐம்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த எழுத்து

நம் இல்லங்களுக்கு வரும் திருமண அழைப்பிதழ்களையும் குருத்துவ வெள்ளிவிழா அட்டைகளையும் சற்று உற்றுநோக்குங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட பெயர்கள் சிலவற்றில், கொடி படர்ந்தாற்போல் நீண்டு வளைந்து ஓடும் எழுத்துகளைக் காண்பீர்கள். கைதேர்ந்த ஒருவர் பேனாவை மையில் தோய்த்து எழுதியது போன்றிருக்கும். ஆயினும் அது கணிப்பொறி தந்த அச்செழுத்தே. இவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று ‘சாப்ஃபினோ’. 1998-ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வெழுத்துக்குப் பின்னே, நம் பெற்றோரும் பிள்ளைகளும் அறியத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு.

அதனை ஆக்கிய ஹெர்மான் சாப்ஃப், ஜெர்மனியிலுள்ள நூரெம்பெர்க் நகரில் 1918-இல் பிறந்தார். மின்பொறியாளர் ஆகவேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. தந்தையோ தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டவர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் தந்தை வேலையிழந்தார். டாகௌ வதைமுகாமிலும் சிறிது காலம் அடைபட்டார். அதனால் மகனுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு இல்லாது போயிற்று.

ஓவியத்தில் அவருக்கிருந்த திறமையைக் கண்ட ஆசிரியர்கள், கல்லச்சுத் தொழிலைக் கற்குமாறு கூறினர். ஆனால் வேலை கேட்டுச் சென்ற இடமெல்லாம் அரசியல் வினாக்களே எழுந்தன. பத்துத் திங்கள் இவ்வாறு கழிந்தன. முடிவில், தொலைபேசிப் புத்தகத்தில் கடைசியாக இருந்த நிறுவனம் அரசியல் ஏதும் வினவாமல் அவரை ஏற்றுக்கொண்டது. அச்சிடும் படங்களைத் திருத்திச் செம்மை செய்வதே அங்கு அவர் கற்ற தொழில். 1935-இல், மறைந்த எழுத்துக் கலைஞர் ரூடால்ஃப் கோக்கின் படைப்புகளைக் கண்காட்சி ஒன்றில் கண்டார், உள்ளம் பறிகொடுத்தார். இரண்டு நூல்களை வாங்கி, வீட்டிலேயே அமர்ந்து வனப்பெழுத்தைத் தாமே பயின்றார்.

இரண்டாம் உலகப்போரின்போது படையில் நிலப்படம் வரைவோராகப் பணியாற்றினார். ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள எழுத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி எழுதவல்ல கை அவருடையது. 1944-இல் தம் குறிப்பேட்டின் பக்கமொன்றில், தம் மனம்போல் நீண்டு சுழலும் எழுத்துகளை எழுதிவைத்தார். அந்தப் பக்கமே பிற்காலச் சாப்ஃபினோவுக்கு வித்து.

போர் முடிந்தபின், அத்தகைய எழுத்தை அச்சுக்குக் கொணர 1948-இல் முனைந்தார். ஈய அச்சு இடங்கொடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டையின் மீது நிற்பது. அதன் வால் கட்டையை விட்டு வெளியே நீண்டால் எளிதில் ஒடிந்துவிடும். ஆகவே சுழிகளைச் சுருக்கி, ‘விர்த்துவோசா’ என்னும் எழுத்தோடு அமைய வேண்டியதாயிற்று. அவர் உள்ளத்திலிருந்த எழுத்து அதுவன்று.

கணிப்பொறி வந்தபின் அந்தத் தடை நீங்கியது. 1990-களில் அமெரிக்க இளைஞர் ஒருவர் துணைவர, பணி தொடங்கிற்று. அவரோ இடையிலேயே விலகிக்கொண்டார். சாப்ஃபும் மனந்தளர்ந்தார். எனினும் பழைய ஏடுகளை மூடிவைத்துவிடவில்லை. லைனோடைப் நிறுவனத்திடம் அவற்றை எடுத்துச் சென்றார். அவருக்கு எண்பது வயது நிறையும் ஆண்டில் அவ்வெழுத்து வெளியாயிற்று. 1944-இல் ஊன்றிய வித்து 1998-இல் பலன் தந்தது!

இதன் அமைப்பு நுட்பமானது. கைப்பட எழுதுவோர் ஓர் எழுத்தை இருமுறை ஒரே அச்சாக எழுதுவதில்லை அல்லவா? அதனை உணர்த்தவே, நான்கு வகை எழுத்து வரிசைகளை அவர் அமைத்தார். அருகருகே நிற்கும் எழுத்துகளுக்கேற்ப வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். சுழியும் வாலும் மோதாமல் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்கும்.

இத்துணைப் பொறுமையில் பிறந்த எழுத்தை அளவறிந்து பயன்படுத்துவதே முறை. மணமக்கள் பெயர், விழாவின் பெயர், ஒரு வாழ்த்து வரி: இவற்றிற்கு அது அணிகலன். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். இல்லையேல் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலைமீது விழும். சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளால் அமைக்காதீர்கள். ஒன்றோடொன்று பின்னி முட்புதராகிவிடும். திருப்பலி நேரம், கோயிலின் பெயர், ஊருக்கு வரும் வழி ஆகியவற்றைத் தெளிவான நேர் எழுத்திலேயே அச்சிடுங்கள். கண் மங்கிய நம் பாட்டியார் அதனைப் படிக்க இயலாமல் பேரனை நாடுவாராயின், அழைப்பிதழ் அழைக்கும் கடமையில் தவறிவிட்டது என்றே பொருள். அழகு சொல்லுக்குப் பணிவிடை செய்ய வேண்டுமேயன்றி, சொல்லை மறைத்தல் ஆகாது.

விரும்பிய படிப்பு கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும். அப்பிள்ளையின் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கல்லூரியில் இடம் கிடைக்காத ஓர் இளைஞர், தொண்ணூற்றாறு வயதுவரை வாழ்ந்து, 2015-இல் மறைந்தபோது உலகெங்கும் மக்கள் தம் மகிழ்ச்சிகளை அவருடைய எழுத்தில் அச்சிட்டு வந்தனர். இறைவன் தந்த திறமையை மண்ணில் புதைத்துவிடாமல், காலம் கனியும்வரை காத்துப் பேணும் பொறுமையை நம் குடும்பங்களுக்கு அவரே அருள்வாராக.