"ஓடுடா.. எல்லாம் பறக்கும், நான் போட்டோ எடுக்கிறேன்"

போன ஞாயிறு காலை. தனுஷ்கோடி கடற்கரை.

மணலில் கடற்காகக் கூட்டம் ஒன்று அமர்ந்திருந்தது.
கேமராவோடு வந்த ஒருவர் தன் மகனிடம் சொன்ன வார்த்தைதான் தலைப்பு.

பையன் ஓடினான். கூட்டம் எழும்பியது. படபடவென்று கிளிக்.
பறவைகள் திரும்பி வந்து அமர்ந்ததும் மறுபடி "ஓடுடா".

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.
கேமரா வாங்கிய முதல் வருடம் நானும் கைதட்டி எழுப்பியவன்தான்.

கிடைத்தது என்ன?
எல்லாப் படத்திலும் பறவையின் பின்பக்கம் 😀
பயந்த பறவை நம்மை விட்டு விலகித்தானே பறக்கும்?

சரி.. பறவைக்கு என்ன நஷ்டம்?

பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கரைக்கு வருகிறது.
திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும்.
மணலில் அது "சும்மா" உட்கார்ந்திருக்கவில்லை. ஓய்வெடுக்கிறது, இறகு கோதுகிறது.

நைட் டூட்டி முடித்துத் தூங்குபவனை மணிக்கு நாலு தடவை தட்டி எழுப்பினால் எப்படி இருக்கும்?
எனக்குத் தெரியும் 🙂

கோடையில் இன்னும் மோசம்.
சின்ன ஆலா வெறும் மணலில் முட்டையிடும்.
தாய் எழும்பிப் போனால் முட்டைக்கு மிஞ்சுவது கொதிக்கும் வெயிலும் காக்கையும்தான்.

"ஒரு தடவைதானே டாக்டர்?"

சுகர் பேஷன்ட் "ஒரு லட்டுதானே" என்பது போல இது.
உங்களுக்கு ஒரு தடவை. உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் ஒரு தடவை.
பறவைக்கு நாள் முழுக்க.

அப்போ பறக்கும் படம் எப்படி எடுப்பது?

👉 காற்றை முதுகில் வாங்கி நில்லுங்கள். கடற்பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். அதாவது தானாகவே உங்களைப் பார்த்து வரும். மார்கழி, தை காலைகளில் வாடைக்காற்றும் வெயிலும் கிழக்குப் பக்கமிருந்தே வரும். இரண்டையும் முதுகில் வாங்கலாம்.

👉 ஷட்டர் 1/2000 நொடி. ஃபோகஸ் தொடர் முறையில். வெளிச்ச அளவை ஒருமுறை நீங்களே செட் செய்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் கருநீலக் கடலைப் பார்த்து ஏமாந்து, வெள்ளை இறகை வெளுத்துவிடும்.

👉 முதலில் கடற்காகம், பிறகு ஆலா. கடற்காகம் நிதானமாகப் பறக்கும், பழகச் சுலபம். ஆலா மீனுக்குப் பாயும் முன் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும். அதுதான் உங்கள் நொடி.

👉 தள்ளி உட்காருங்கள். அரை மணி நேரம். கூட்டமே தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டினால், நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள்.

பறவை தன் வேலையாகப் பறக்கும்போது எடுத்தால் அது படம்.
உங்களுக்குப் பயந்து பறக்கும்போது எடுத்தால், அது நீங்கள் செய்த தொல்லைக்கு நீங்களே எடுத்து வைத்த சாட்சி.

அடுத்த முறை பிள்ளையிடம் "ஓடுடா" என்று சொல்லாதீர்கள்.
"உட்காருடா" என்று சொல்லுங்கள்.
படத்தோடு சேர்த்து அவனும் ஒன்று கற்றுக்கொள்வான்.