ஜப்பானியத்துக்கு ஆங்கில வழி எதற்கு?

ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வின் முதற்படி என்5. அதற்குப் படிக்கும் தமிழ் மாணவர்கள் பலரும் ஆங்கில வழிப் பாடநூலைத்தான் புரட்டுகிறார்கள். அதில் ‘கிவ்’ என்ற ஒரே சொல்லுக்கு எதிரே அகெரு, குரெரு என்று இரண்டு வினைகள் நிற்கும். எதை எங்கே சொல்வது? அங்கேதான் தடுமாற்றம்.

நான் பிறருக்கு அளித்தால் அகெரு. பிறர் எனக்கோ என் வீட்டாருக்கோ அளித்தால் குரெரு. ஆங்கில வினை இந்தத் திசையைக் காட்டுவதில்லை. தமிழ் வினை காட்டும். தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே வரையறுத்திருக்கிறது. இன்றும் ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’ என்பதே இயல்பு. ‘அவனுக்குத் தா’ என்றால் காது லேசாக நெருடும்.

துணைவினையாக வரும்போது ஒற்றுமை இன்னும் தெளிவு. நண்பன் எனக்குப் பாடம் ‘சொல்லித் தந்தான்’ என்பதை ஜப்பானியர் ‘ஒஷியெத்தெ குரெத்தா’ என்பார்கள். நான் அவனுக்குச் ‘சொல்லிக் கொடுத்தேன்’ என்றால் ‘ஒஷியெத்தெ அகெத்தா’. சொல் வரிசைகூட மாறவில்லை!

முழுப் பொருத்தம் என்று சொல்லிவிட முடியாது. ‘உனக்குத் தருகிறேன்’ என்பது தமிழில் சரி. ஜப்பானியத்தில் அங்கே அகெருதான் வரும். மரியாதையும் குறுக்கிடும். ஆசிரியர் எனக்கு அளித்தால் குதசரு, செடிக்கு நீர் விட்டால் யரு. இரப்பவரின் தகுதியைப் பொறுத்து ஈ, தா, கொடு என்று பிரித்த இலக்கணம் நம்முடையது. தகுதி பார்த்து வினை மாறுவது நமக்குப் புதிதல்ல.

உடுத்தும் வினைகளும் அப்படித்தான். சட்டைக்கு கிரு, கால்சட்டைக்கும் செருப்புக்கும் ஹக்கு, தொப்பிக்கு கபுரு, கண்ணாடிக்கு கக்கெரு. ஆங்கிலத்தில் எல்லாமே ‘வேர்’. புடவையைக் கட்டி, பூவைச் சூடி, பொட்டு வைக்கும் தமிழருக்கு இதில் என்ன வியப்பு? ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவருக்கு இவை அன்றாடம் வேண்டிய சொற்கள்.

ஜப்பானிய மொழியறிஞர் சுஸுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் ஒப்புமை வகுப்பறைக்கு உதவும். தமிழ்நாட்டில் ஜப்பானியம் கற்பிப்பவர்கள் ஒவ்வொரு வினைக்கும் ஆங்கிலப் பொருளோடு நிறுத்தாமல், ஒரு தமிழ் வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுத வேண்டும்.