கிடைச்ச வரைக்கும் லாபமா?

"கார் இடிச்சா எவ்வளவு கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் நமக்கு முகம் சுளிக்கிறது. பிணத்தின் மேல் காசு பொறுக்குகிற கேள்வியாக அது நம் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் சித்தியின் வலது கை நசுங்கும் வரை.

சித்திக்கு மதுரையில் பூ கட்டும் வேலை. விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் உதிரிப்பூ வாங்கி வந்து, கட்டி, முழம் போட்டு விற்பார். 2019-இல் சாலையோரம் நடந்தவரைக் கார் ஒன்று இடித்துத் தள்ளியது. மூன்று விரல்கள் மடங்காது, கட்டைவிரல் நடுங்கும். அப்போது அவருக்கு வயது 46.

இந்தக் கைக்கு எவ்வளவு? சட்டத்தில் இதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வயதுக்கு ஏற்ற பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பட்டியலின்படி 25 வயது வரை 18, 46 முதல் 50 வரை 13, 65-ஐத் தாண்டினால் 5. நிரந்தர ஊனம் என்றால், வந்த தொகையில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம். மருத்துவச் செலவு, வலி, வேதனை எல்லாம் தனி.

பார்க்க நேர்மையான கணக்குதான். சூது, பெருக்கலுக்குள் என்ன எண்ணைப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் சொன்னார்: "வருமானத்துக்கு ஆதாரம் இல்ல. 6,500 வச்சுக்கலாம். ஊனம் கைக்குத்தான், முழு உடம்புக்குப் பார்த்தா 12 சதவீதம்." 6,500 பெருக்கல் 12 பெருக்கல் 13, அதில் 12 சதவீதம். 1,21,680 ரூபாய்.

இப்போது என் கணக்கு. சித்தி மாதம் 12,000 சம்பாதித்தார், தெருவுக்கே தெரியும். சொந்தத் தொழில், வயது 40-க்கும் 50-க்கும் இடையில். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டினால் 15,000. இந்த உயர்வு செத்தவர்களுக்கு மட்டுமல்ல, ஊனமுற்றவர்களுக்கும் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரல் மடங்காமல் பூ கட்ட முடியாது. இழப்பு 60 சதவீதம் என்று குறைத்தே வைப்போம். 14,04,000 ரூபாய்.

ஒரே கை, ஒரே சட்டம், ஒரே பெருக்கல். ஒருவர் கணக்கில் ஒன்றேகால் லட்சத்தைத் தொடவில்லை, இன்னொருவர் கணக்கில் பதினான்கு லட்சம். அதனால்தான் "பொதுவா இவ்வளவு கிடைக்கும்" என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் 'பொதுவா'வை யார் எழுதினார்கள் என்று பாருங்கள்.

கையும் தொழிலும் வேறு வேறல்ல என்பது சட்டத்துக்குத் தெரியாததல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியது: இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போகிறது, அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். சையத் சாதிக் வழக்கில் கால் இழந்தவர் ஒரு காய்கறி வியாபாரி. அவருடைய இழப்பை உயர் நீதிமன்றம் 65 சதவீதமாகக் குறைத்திருந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை 85 ஆக்கியது. காய்கறி விற்பது என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டுமல்ல, மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதும்தான் என்றது. அந்த வழக்கில் மாத வருமானமாக வைத்த தொகைதான் 6,500. விபத்து நடந்தது 2008-இல். அந்த எண்ணைத்தான் 2019-இல் அடிபட்ட என் சித்தியின் முன்னால் வைத்தார்கள். பதினோரு ஆண்டுகளில் மல்லிகை விலை ஏறியது, வாழைநார் விலை ஏறியது, பூ கட்டுகிறவளின் விலை மட்டும் அப்படியே நின்றது.

சரி, பேசாமல் வழக்கை நடத்தியிருக்கலாமே? லோக் அதாலத்தில் ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பிவிடும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒத்துக்கொண்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது. நான் சித்தியிடம் சொன்னேன், "கையெழுத்துப் போடாதீங்க சித்தி, இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்போம்."

"வட்டிய நீ கட்டுறியாடா?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடன் ஒன்றரை லட்சம், மூணு வட்டி. மாதம் 4,500. இழுத்தடிக்கும் வழக்குக்குத் தீர்ப்பாயம் பெரும்பாலும் தருவது ஆண்டுக்கு ஏழரை சதவீதம். சித்தி கட்டுவது 36 சதவீதம். இந்த இடைவெளியில்தான் சமரசம் என்ற வார்த்தை பிழைக்கிறது. நிறுவனத்துக்குக் காலம் லாபம், அடிபட்டவருக்குக் காலம் கடன். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்பது நியாயம் போலத் தோன்றும். ஒருவர் விட்டுக்கொடுப்பது அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு வரி. இன்னொருவர் விட்டுக்கொடுப்பது விரல்கள்.

3,75,000-க்கு முடிந்தது. வக்கீலுக்கு 20 சதவீதம், 75,000. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, விதி இருக்கட்டும். கடன் அசல் 1,50,000. வட்டிப் பாக்கி 90,000. மிச்சம் 60,000. வெளியே வந்தபோது உடன் வந்த ஒருவர் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "விடும்மா, கிடைச்ச வரைக்கும் லாபம்."

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான். லாபம் என்பது முதலுக்கு மேல் வருவது. இங்கே முதலே போய்விட்டது.

போலி விபத்து வழக்குகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, தண்டியுங்கள். ஆனால் போலியைக் காட்டி எல்லோருடைய தொகையையும் குறைப்பது, கலப்படப் பால்காரனுக்காக ஊரிலுள்ள குழந்தைகளின் பாலைக் குறைப்பது மாதிரி. வருமானத்துக்கு ஆதாரம் வேண்டாமா என்றும் கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத கோடிக்கணக்கானவர்கள் வாழும் நாட்டில், சீட்டு இல்லாததையே வருமானம் இல்லாததற்குச் சாட்சியாக்கக் கூடாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விபத்து நடந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே எந்தக் கணக்கும் தொடங்கக்கூடாது. சமரச மேசையில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லாமல், என்ன வருமானம், என்ன பெருக்கு எண், எத்தனை சதவீதம் என்று எழுதிய தாளை அடிபட்டவர் கையில் தமிழில் கொடுத்துவிட்டுப் பிறகு கையெழுத்துக் கேட்க வேண்டும். கணக்கைக் காட்டினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால்தான் காட்டுவதில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

அதுவரை உங்கள் வீட்டில் பூ கட்டுகிறவர், இட்லிக்கடை போடுகிறவர், தையல் தைக்கிறவர் யாராவது இருந்தால், இன்றே அவர்களுடைய வரவு செலவை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். சந்தை ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். யாராவது "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சித்தி இப்போது பூ கட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கட்டித் தருகிறாள், முழத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கி விற்கிறார். அந்தக் கூலியையும் அவர் நோட்டில் எழுதுவதில்லை. நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.