குரலுக்குப் பின்னால் ஒருவர்

லப்பைக்குடிக்காட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். நாகூர் ஹனீபாவின் குரல் தெரியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார். பாட்டின் முதல் அடி வருவதற்கு முன்பே, வாத்தியங்கள் முழங்கும்போதே, இது இன்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. சரி, அந்த வாத்தியங்களைக் கோர்த்து அமைத்தவர் யார்? இதற்குப் பதில் வராது. லப்பைக்குடிக்காட்டில் மட்டுமல்ல, திருச்சியிலும் வராது, சென்னையிலும் வராது!

மெட்டுப் போடுவது ஒரு வேலை. அந்த மெட்டுக்கு வாத்தியங்களைக் கோர்ப்பது வேறொரு வேலை. வயலின் எங்கே நுழைய வேண்டும், புல்லாங்குழல் எங்கே ஒதுங்கிக்கொள்ள வேண்டும், பாடகர் மூச்சு வாங்கும் அந்த இரண்டு விநாடியில் வீணை என்ன பேச வேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து எழுதித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். வானொலி மெல்லிசையில் பல சமயம் மெட்டமைத்தவரே இந்த வேலையையும் செய்துவிடுவார். அப்போதும் பாராட்டு மெட்டுக்குத்தான். கோர்வைக்கு இல்லை.

வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள இந்த ஊர் 1995 வரை திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1939 மே 16-ஆம் தேதி தொடங்கிய திருச்சி வானொலிதான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொந்த நிலையம். வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே கூடியது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அந்த ரேடியோவில் கேட்ட மெல்லிசைக்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டமே நடந்திருக்கிறது.

1952-இல் மத்திய ஒலிபரப்பு மந்திரியானார் டாக்டர் பி. வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. ஆகாசவாணியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறத்தாழ மறைந்தே போயிற்று. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள்! ஓடிப்போன நேயர்களைத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது? மந்திரி தலையிலா? இல்லை. நிலையங்களில் இருந்த மெல்லிசைக் கலைஞர்கள் தலையில்! சினிமாக்காரரிடம் ஏகப்பட்ட வாத்தியங்கள், வேண்டிய பணம். வானொலிக் கலைஞரிடமோ ஒரு சின்னஞ்சிறு கோஷ்டி. போதாக்குறைக்கு, 1940-இலிருந்தே ஆர்மோனியத்துக்குத் தடை வேறு. முப்பது ஆண்டுகளுக்கு அது நீங்கவில்லை. கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்ன கதைதான். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்து சினிமாப் பாட்டு திரும்பி வரும்வரை இவர்கள் நீந்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

இதில் உள்ள சிரமம் பலருக்குத் தெரியாது. நம் வித்வான் ஒருவர் தோடி வாசித்தால் அவருடைய கமகம் அவருடையது. பக்கத்து வித்வானின் அசைவு வேறு. தனித்தனியே கேட்டால் இரண்டும் அமிர்தம். ஒன்றாக வாசித்தால் சந்தைக் கூச்சல்! பத்துப் பேரும் ஒரே அசைவாக அசைய வேண்டும் என்றால் யாராவது ஒருவர் அந்த அசைவைத் தீர்மானித்து, ஸ்வரம் எழுதிக் கொடுத்து, பெரிய பெரிய வித்வான்களையும் பள்ளிப் பிள்ளைகள்போல் உட்கார வைத்துப் பழக்க வேண்டும். இதற்குச் சங்கீத ஞானம் மட்டும் போதாது. நயமாகப் பேசிக் காரியம் சாதிக்கவும் தெரிய வேண்டும்.

அப்புறம் மைக் இருக்கிறதே, அது ஒரு தனி வித்வான்! மிருதங்கம் சற்று நெருங்கி உட்கார்ந்தால் குழலை விழுங்கிவிடும். மத்திய அலை ஒலிபரப்போ மிக உயர்ந்த ஒலியையும் மிகத் தாழ்ந்த ஒலியையும் உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்க்காது. ஸ்டுடியோவில் கம்பீரமாக முழங்கும் பெரிய தந்தி வாத்தியம், வெள்ளாற்றங்கரையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரில் காணாமலே போய்விடும். ஆகவே வீணை, வயலின், கிளாரினெட் போன்றவற்றின் நடுத்தர ஸ்தாயியை நம்பித்தான் கோர்வை எழுத வேண்டும். கண்ணுக்கு எதிரே இருக்கும் சபைக்காக அல்ல, எங்கோ ஓர் ஊரில் கொரகொரக்கும் பெட்டிக்காக எழுதுகிற கலை இது. உயர்ந்த கலை என்றே நான் சொல்வேன்.

இந்தக் கலையில் கரை கண்டவர் ஈமனி சங்கர சாஸ்திரி. 1922-இல் ஆந்திர தேசத்துத் திராட்சாராமத்தில் பிறந்த வீணை வித்வான். வீணை சிட்டிபாபுவின் குரு என்றால் நம்மவர்களுக்கு உடனே புரியும். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவராதலால் சினிமா வாத்திய கோஷ்டியின் நெளிவு சுளிவெல்லாம் அத்துபடி. 1959-இல் சென்னை வானொலிக்கு வந்தார். பின்னர் டில்லியில் ஆகாசவாணியின் தேசிய வாத்திய பிருந்தத்தை நடத்தினார். 1952-இல் ரவிசங்கரும், நம் பக்கத்து வயலின் வித்வான் டி. கே. ஜயராமய்யரும் தொடங்கி வைத்த கோஷ்டி அது. சாஸ்திரி அமைத்தவற்றுள் 'ஆதர்ச சிகராரோஹணம்' ஒன்று. லட்சியச் சிகரத்தில் ஏறுவது என்று பொருள். ஒரு வார்த்தைகூட இல்லாமல் வெறும் வாத்தியத்தாலேயே சிகரம் ஏறிக் காட்டுவதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்! 1987-இல் அவர் காலமானார். வீணைக்காக அவரை நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோர்வைக்காக நினைக்கிறவர்கள் எத்தனை பேர்?

அவராவது பெரிய வித்வான், பெயர் தப்பியது. திருச்சியிலும் சென்னையிலும் மற்ற நிலையங்களிலும் தினம் தினம் இதே வேலையைச் செய்தவர்கள் கதி என்ன? ஒலிநாடாவுக்குப் பஞ்சமான காலத்தில் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிதைப் பதிவது உலகத்து வானொலிகளில் எல்லாம் வழக்கமாக இருந்தது. அழிந்தது போகட்டும். மிஞ்சிய நாடாக்களையாவது காப்பாற்ற வேண்டாமா? பெரிய பாடகர்களின் கச்சேரிகளை ஆகாசவாணி இசைத்தட்டுகளாக வெளியிட்டது நல்ல காரியம். அதே மாதிரி ஒவ்வொரு நிலையத்தின் மெல்லிசைக்கும் ஒரு பட்டியல் வேண்டும். அதில் பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் என்பதோடு வாத்தியம் கோர்த்தவர் என்று ஒரு கட்டமும் இருக்க வேண்டும். ஸ்வரம் எழுதிய பழைய காகிதங்கள் எந்த அலமாரியில் கிடந்தாலும் உடனே படமெடுத்து வைக்க வேண்டும். அன்று வாசித்தவர்களில் உயிரோடிருப்பவர்கள் சொற்பம். அவர்களுக்கெல்லாம் தள்ளாத வயது. யார் கோர்த்தது என்று இன்று கேட்டால் அவர்கள் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்கப் போனால் யார் இருப்பார்கள்?

ஆகாசவாணியின் முகப்பு இசையைக் கேளாத காது உண்டா? சிவரஞ்சனியின் சாயலில் வயலின் இழையும் அந்தச் சின்ன இசையை 1936-இல் அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஹிட்லருக்குத் தப்பிப் பம்பாய் வந்து சேர்ந்த ஐரோப்பிய யூதர். அவர் அமைத்த இசை நாள்தோறும் ஒலித்தது. ஒருநாளாவது, 'இதை அமைத்தவர் இன்னார்' என்று சொல்லிவிட்டு அதைப் போட்டிருக்கலாம். ஐந்து விநாடிகூட ஆகாது!