ட்ரில் மெஷின் பெட்டியில் எல்லாம் இருக்கு... உங்களைக் காப்பாத்துற பொருட்களைத் தவிர!

ஆன்லைன் தள்ளுபடி விற்பனை வந்தாலே போதும், இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு இம்பாக்ட் ட்ரில் கிட் நம்ம மொபைல் ஸ்கிரீனில் வந்து நிற்கும். மெஷினோடு சுத்தியல், ஸ்பேனர், ஸ்க்ரூ, ரால் பிளக் என எல்லாம் ஒரே பெட்டியில். ஒரு ஷெல்ஃப் மாட்ட ஆள் கூப்பிட்டால் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நாமே வாங்கிடலாமே" என்று ஆர்டர் போட்டுவிடுகிறோம்.

வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால், அப்படி வரும் பெட்டிகள் பலவற்றில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, மாஸ்க் இல்லை. சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையோ, பொடி எழுத்து மேனுவலில் எங்கேயோ ஒளிந்திருக்கும். மிக்ஸி மாதிரி விற்கப்படும் இந்தச் சாதனம், மிக்ஸி மாதிரி நடந்துகொள்ளாது. மெஷினுக்குக் கொடுக்கும் காசில் கால் பங்கையாவது பாதுகாப்புக்கு ஒதுக்க முடியாதவர்கள் ட்ரில்லே வாங்க வேண்டாம் என்பேன். ஏன்னு பார்ப்போம்.

முதல்ல, இது என்ன மெஷின்?

சாதாரண ட்ரில் சுற்றும். இம்பாக்ட் ட்ரில் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் அடிக்கும். உள்ளே பற்கள் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளுவதால் வரும் அடி அது. வீட்டு உபயோக மெஷின்களில் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று, 40,000-க்கும் மேல் அடி.

இந்த அடி செங்கல் சுவருக்குச் சரி. மரம், இரும்பு, டைல்ஸுக்குக் கூடாது. டைல்ஸில் சுத்தியல் மோடைப் போட்டால் விரிசல் விட்டுவிடும். சாதா மோடில், டைல்ஸுக்கான பிட்டைப் போட்டு, மெதுவான வேகத்தில் டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் அடியை ஆன் பண்ணணும். புது அப்பார்ட்மென்ட்களில் இருக்கும் இலகுவான ஏ.ஏ.சி. பிளாக் சுவருக்கும் அடி தேவையில்லை. ஓட்டை பெரிதாகி, ரால் பிளக் நிற்காமல் போகும். கான்கிரீட் தூண், பீம் என்றால் இந்த மெஷின் திணறும். அதற்கு ரோட்டரி ஹாமர் என்று தனி மெஷின் இருக்கிறது. உள்ளே கம்பி தட்டுப்பட்டால் மல்லுக்கட்டாமல் இடத்தை மாற்றிவிடுங்கள்.

ஆபத்து சுவருக்குள்ளே இருக்கு

நம்ம வீடுகளில் ஒயர்கள் சுவருக்குள் பதித்த பைப் வழியாகத்தான் போகின்றன. ஸ்விட்ச் போர்டிலிருந்து பெரும்பாலும் நேர் மேலே ஏறும். சில இடங்களில் கீழேயோ பக்கவாட்டிலோ போகும். அதனால் ஸ்விட்ச், பிளக் பாயின்ட், லைட் பாயின்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் ஓட்டை போடாதீர்கள். பாத்ரூம், கிச்சன் சுவரில் குழாய்க்கும் இதே கணக்குதான்.

அந்தச் சுவர் வழியாகப் போகும் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு ட்ரில்லை ஓட்டுவதுதான் பாதுகாப்பு. இங்கே பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதையும் நிறுத்திவிட்டு, அந்தச் சுவரில் உள்ள பாயின்ட்களை டெஸ்டரால் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

"என் மெஷின்ல டபுள் இன்சுலேஷன் இருக்கே" என்பீர்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறியும் இரண்டு முள் பிளக்கும் அதைத்தான் சொல்கின்றன. அது மெஷினுக்குள் வரும் கோளாறிலிருந்துதான் காப்பாற்றும். பிட் போய்ச் சுவரிலுள்ள ஒயரைத் தொட்டால், கரன்ட் உலோகச் சக் வரை வந்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடிகளை மட்டும் பிடியுங்கள். செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்று வேலை செய்யாதீர்கள்.

அடுத்து, டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்கள். எம்.சி.பி. இருப்பதே போதும் என்று நினைக்கிறோம். அது ஒயர் சூடாகி எரியாமல் காப்பாற்ற வைத்தது. மனித உடலில் பாய்ந்து உயிரையே எடுக்கக்கூடிய சின்னக் கசிவு, 6 ஆம்பியரோ 16 ஆம்பியரோ உள்ள எம்.சி.பி.க்கு உறைக்கவே உறைக்காது. அதைக் கண்டுபிடித்து நொடிப்பொழுதில் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதில் 'டி' என்ற டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் சப்ளை போகணும். போகவில்லை என்றாலோ, அந்தச் சாதனமே வீட்டில் இல்லை என்றாலோ, முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியது அதற்குத்தான். ஷெல்ஃப் அப்புறம்.

கண், காது, கை

பாதுகாப்புக் கண்ணாடியும் என்-95 மாஸ்கும் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால், கூடவே காதில் செருக இயர் பிளக். அதிலும் தலைக்கு மேலே ஓட்டை போடும்போது தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

துணிக் கையுறை போடாதீர்கள். சுற்றும் பிட் அதைப் பிடித்து இழுத்தால் விரலும் சேர்ந்து போகும். துப்பட்டா, கழுத்துச் செயின், விரித்த முடி எல்லாவற்றுக்கும் இதேதான். பிட் சிக்கிக்கொண்டால் மெஷின் உங்கள் மணிக்கட்டை முறுக்கப் பார்க்கும். அதனால் பக்கவாட்டுக் கைப்பிடி கட்டாயம். ட்ரிக்கரைப் பிடித்து வைக்கும் லாக் பட்டனைச் சுவர் வேலையில் தொடவே வேண்டாம். முக்கியமாக, பிளாஸ்டிக் சேர் மேல் ஏறி நின்று ட்ரில் போடாதீர்கள். ஏணி இல்லையா, பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மெஷினுக்கும் கொஞ்சம் கவனிப்பு

பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். மாற்றியதும் சக் சாவியைக் கையோடு எடுத்துவிடுங்கள். ஒயரைப் பிடித்து மெஷினைத் தூக்காதீர்கள். ஒயரில் வெடிப்பு தெரிந்தால் டேப் சுற்றாமல் மாற்றுங்கள்.

ஓட்டை போடும்போது பிட்டை அவ்வப்போது வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். மெஷின் சூடானால் சுமையில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவிடுங்கள். வேலை முடிந்ததும் காற்றுத் துவாரங்களைக் காய்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் வேண்டாம். துவாரத்தில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலோ, மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதை ஜோடியாகத்தான் மாற்றணும். மழுங்கிய பிட்டோடு மெஷினை அழுத்தி ஓட்டினால், பிட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் மோட்டாரையே எரித்துவிடுவோம்.

பொறுப்பு யாருக்கு?

எல்லாவற்றையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சுத்தியலையும் ஸ்பேனரையும் கிட்டில் சேர்க்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு ஒரு கண்ணாடியையும் மாஸ்கையும் சேர்ப்பது பெரிய செலவில்லை. அப்பார்ட்மென்ட் விற்பவர்கள் சாவியோடு ஒயரிங், பைப் போகும் வழி காட்டும் வரைபடத்தையும் கொடுக்கணும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக் கொடுத்தால்கூடப் போதும். சொந்தமாகக் கட்டுபவர்கள் இதை இன்றைக்கே செய்யலாம். வாடகைக்கு விடும்போது அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

இன்னொன்று. செங்கல், கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது. வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் சிலிக்கா தூசு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் நம்ம தொழிலாளர் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. வருடத்துக்கு நாலு ஓட்டை போடும் நமக்கு மாஸ்க் ஒரு முன்னெச்சரிக்கை. தினம் வீடு வீடாகப் போய் ஓட்டை போடுபவருக்கு அதுதான் நுரையீரல். அவருக்கு எந்தத் தொழிற்சாலை விதியும் துணைக்கு வராது.

அதனால், அடுத்த முறை ஏ.சி. மாட்டவோ டி.வி. மாட்டவோ ஆள் வந்தால், தண்ணீர் கொடுக்கும்போதே ஒரு மாஸ்கையும் கண்ணாடியையும் நீட்டுங்கள். "பழக்கம்தான் சார்" என்று சிரிப்பார். "பரவாயில்லண்ணே, போட்டுக்கோங்க" என்று சொல்லுங்கள்.