சட்டமும் சூலும்

சட்டம் முறைமன்றத்தில் மட்டும் வாழ்வதன்று. சூலுற்ற பெண்ணின் வயிற்றுக்குள்ளும் அது நுழைகின்றது. நாடி பார்த்து நலம் காண்பவர் மருத்துவர். ஓர் அரசாணையால் எத்தனை தாயர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்று கணக்கிட்டுக் காண்பவர் ஆய்வாளர். இவ்வாய்வின் அருமையை நம்மவர் இன்னும் உணர்ந்தாரில்லை.

உருமேனியா நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1966-ஆம் ஆண்டு சௌசெசுகுவின் அரசு, மக்கள்தொகையைப் பெருக்கக் கருதி, 770-ஆம் எண் ஆணையால் கருக்கலைப்பைத் தடை செய்தது. 45 அகவையைக் கடந்தோர், நான்கு மக்களைப் பெற்றோர் முதலிய சிலர்க்கே விலக்கு. மறு ஆண்டே பிறப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று, ஆள்வோர் மகிழ்ந்தனர். ஆனால், சில ஆண்டுகளில் பிறப்பு மீண்டும் சரிந்தது. மகப்பேற்றுச் சாவோ ஏறியது. மறைவிடங்களில் தகுதியற்றோர் கையில் கருக்கலைக்கப் புகுந்து பெண்கள் மாண்டனர். 1989 திசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது, ஆணையும் நீங்கியது. ஓராண்டிலேயே மகப்பேற்றுச் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவ்வோராண்டில் மருத்துவமனைகள் இருமடங்காகிவிடவில்லை, மாறியது சட்டமே!

தடுக்கும் சட்டம் கொல்லுமெனின், கொடுக்கும் சட்டம் தானே காத்துவிடும் என்று அமைதியுறலாமா? அதுவும் ஆராயத்தக்கதே. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் 12 கிழமை ஊதிய விடுப்பு வழங்கியது. 2017-இல் அது 26 கிழமையாயிற்று. நன்று! ஆயின், அவ்வூதியச் சுமை வேலை தருவோர் தலையில் ஏற்றப்பட்டது. பெண்ணை வேலைக்கு அமர்த்தத் தயங்கும் முதலாளிக்கு அதுவே சாக்காகலாம். நாற்று நடுவோளும், செங்கல் சுமப்போளும், பிறர் வீட்டில் கலம் துலக்குவோளும் யாரிடம் சென்று இவ்விடுப்பைக் கேட்பர்? சூல் முதிர்ந்த நிலையிலும் அன்றன்று உழைத்தாலன்றி அவர்தம் அடுப்பு எரியாதே! தமிழகத்தில் 1987-இல் முத்துலட்சுமி அம்மையார் பெயரால் தொடங்கிய உதவித்தொகை ஏழைத் தாயர்க்குக் கைகொடுத்தது. அதுவும் இரண்டு பேறுகளோடு நின்றது. மூன்றாம் முறை சூலுற்றவளுக்குப் பசி குறைவோ?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எச்சட்டமாயினும், அஃது என்ன சொல்கின்றது என்பதினும் என்ன செய்கின்றது என்பதே பெரிது. எனவே, மகப்பேறு பற்றிய ஒவ்வொரு சட்டத்தின் விளைவும் ஆண்டுதோறும் ஆராயப்படல் வேண்டும். அம்முடிவு, அச்சட்டத்தால் வாழ்வும் சாவும் எய்துகின்ற தாயர்க்கு விளங்கும் மொழியில் வெளியிடப்படல் வேண்டும். தமிழன்பர்களே, ஆள்வோரிடம் இதனைக் கேட்பது இரத்தல் அன்று, நம் உரிமை!