டவருக்கு மறியல், சிடிக்கு வரிசை

தெருவில் செல்போன் டவர் வரப்போகிறது என்று தெரிந்தால் போதும்: கலெக்டர் ஆபீஸில் மனு, சாலை மறியல், மறுநாள் பேப்பரில் படம். அதே தெருக்காரருக்கு இரண்டு நாள் வயிற்று வலி நீடித்தால், "எதுக்கும் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்" என்று அவரே கேட்பார். வேண்டாம் என்று சொல்லும் டாக்டரை மாற்றுவதும் உண்டு. பயப்பட வேண்டிய இடம் ஒன்று, பயப்படும் இடம் வேறு.

அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கும் தெம்பு ஒரு கதிருக்கு உண்டா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அதற்குச் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. டவரின் ரேடியோ அலையில் ஒரு ஃபோட்டானிடம் ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோடிக்கணக்கில் வந்தாலும் மூலக்கூறுகளைக் குலுக்கிக் கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது உண்மை. இந்தியாவும் 2012இல் டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் அதே அமைப்பின் 'உறுதியான காரணி' பட்டியலில் சூரிய ஒளி 1992 முதலே இருக்கிறது. அதிலுள்ள புற ஊதாக் கதிர், எலெக்ட்ரானைப் பிடுங்காமலே டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களை ஒட்டவைத்துவிடும்.

எக்ஸ்ரேயும் காமாவும் வேறு ஜாதி; எலெக்ட்ரானைப் பிடுங்கும் தெம்பு அவற்றுக்கு உண்டு. உடல் முழுவதும் ஒரே தடவையில் சுமார் 4 கிரே (உடல் உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அலகு) காமா பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அந்த ஆற்றல் மொத்தமும் வெப்பமாக மாறினால் உடம்பின் சூடு எவ்வளவு ஏறும் தெரியுமா? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மடக்கு சூடான காபி அதைவிட அதிகம் தரும்.

பிறகு எப்படிக் கொல்கிறது? செல்லில் பெரும்பகுதி தண்ணீர். கதிர் பட்டு நீர் மூலக்கூறு உடையும்போது ஹைட்ராக்சில் என்ற அடாவடித் துணுக்கு பிறக்கிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட அதற்கு ஆயுள் கிடையாது. அதற்குள் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏவைத் தாக்கிவிடும். ஓர் இழை அறுந்தால், எதிர் இழையைப் பார்த்துச் செல் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் வம்பு. முனைகள் மாறி ஒட்டிக்கொள்ளலாம், செல் செத்துப்போகலாம், அல்லது சாகாமல் பிழையோடு பெருகலாம். பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது இந்தக் கடைசி வகை. வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும்: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடிவேர். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுப்பதும் இந்தப் பலவீனத்தை நம்பித்தான்.

இன்னொரு வகையான ஆல்ஃபா கதிரைத் தடுக்க ஒரு தாள் போதும். ஆனால் உள்ளே போய்விட்டால் அதைப்போல் கொடியது இல்லை. முன்னாள் ரஷ்ய உளவாளி லித்வினென்கோ 2006 நவம்பரில் லண்டனில் குடித்த தேநீரில் ஆல்ஃபா வீசும் பொலோனியம்-210 இருந்தது. மூன்று வாரத்தில் ஆள் இல்லை.

நம் நாட்டுக் கதை இன்னும் சாதாரணமானது, அதனாலேயே இன்னும் பயங்கரமானது. டெல்லி பல்கலைக்கழகத்தில் 1985க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்த ஒரு காமா கருவி, 2010இல் பழைய இரும்போடு ஏலத்தில் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒரு வியாபாரி அதில் ஒரு துண்டை என்னவென்று தெரியாமலே பர்ஸில் வைத்துக்கொண்டு நடமாடினார். இத்தனைக்கும், ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் சரக்கு அது. கால் நூற்றாண்டு சும்மா கிடந்த பிறகும் ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது. பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

சிடியும் எக்ஸ்ரேயில்தான் ஓடுகிறது என்றாலும், அதை இதோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். விபத்தில் அடிபட்டவருக்கு அது உயிர் காக்கும் கருவி. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மண், பாறை, வான்வெளி, சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் ஒருவருக்கு வருஷத்தில் சேர்வது உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கதிரால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு). வயிற்றுக்கு ஒரு சிடி சுமார் 10. நான்கு வருஷத்து அளவு சில நிமிஷங்களில் வந்துவிடுகிறது. தேவைக்கு எடுத்தால் சரி. மருத்துவமனை மாறியதும் பழைய ஃபிலிமைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "புதுசா எடுத்துட்டு வாங்க" என்பது எந்தத் தேவை? அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ இரண்டிலும் இந்த வகைக் கதிரே கிடையாது. அவற்றால் முடியுமா என்று கேட்பவர்களும் குறைவு.

ஒவ்வொரு சிடி முடிந்ததும் டோஸ் எவ்வளவு என்பது இயந்திரத்தின் திரையிலேயே வந்துவிடும். அது நோயாளியின் ரிப்போர்ட்டிலும் கட்டாயம் அச்சாக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டால் செலவு ஏதும் இல்லை. குழந்தைக்குப் பெரியவர்களுக்கான செட்டிங்கிலேயே எடுத்துவிட்டார்களா என்பதைக்கூட, விஷயம் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.